எண்ணப்படாத மைல்கற்கள்

சென்ற மாதம் ஒரு மாலை நேரம். வலியசாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நம் மன்றத்து நண்பர்கள் சிலர் கூடியிருந்தோம். காந்தளூர் மகாதேவர் கோயிலில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, நம் கூட்டங்களில் வழக்கமாகச் சென்று சேரும் இடத்தில், அதாவது சினிமாவில், வந்து சேர்ந்தது. நண்பர் ஒருவர் கைப்பேசியை எடுத்து, அமெரிக்க நடிகர் மார்கன் ஃபிரீமனின் வாழ்க்கை மைல்கற்களை வரிசையாகப் படிக்கத் தொடங்கினார். 1937இல் பிறப்பு, 1955 முதல் 1959 வரை விமானப் படையில் ஊழியம், ஐம்பது வயதில், 1987இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஸ்மார்ட்’ படத்திற்காக முதன்முதலில் ஆஸ்கர் பரிந்துரை, பின்னர் மேலும் இரண்டு பரிந்துரைகள், ‘மில்லியன் டாலர் பேபி’ (2004) படத்திற்காக அறுபத்தேழு வயதில் பரிசு. படித்து முடித்தவர் தலை நிமிர்ந்து, “இவ்வளவு காலம் தாழ்த்தி வந்து இவ்வளவு உயரம் ஏறிய ஒருவரை நம் பக்கத்தில் காட்டுங்கள் பார்ப்போம்!” என்றார்.

ஒருவர் சிவாஜி கணேசன் பெயரைச் சொன்னார். “அவர் இருபத்து நான்கு வயதில் பராசக்தியில் கதாநாயகர் ஆனவர்; அவரைத் தாமதமாக வந்தவர் என்பதா?” என்று மற்றொருவர் மறுத்தார். நான், “சத்தியன்” என்றேன்.

“அவர் யார்?”

கேட்டவர் பொல்லாதவர் அல்லர், நன்றாகப் படிப்பவர். ஆயினும் அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் தெரியுமா, தோழர்களே? கேட்டவர் கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறிக் காரியவட்டத்தில் வகுப்புக்குப் போகிறவர். பாளையத்தைத் தாண்டியதும் எல்.எம்.எஸ். வளாகம் வருகிறது. அந்த வளாகத்தில்தான் சத்தியன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். என் நண்பர் நாள்தோறும் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் அவரைக் கடந்து செல்கிறார். அமெரிக்காவில் ஒருவர் எந்த ஆண்டு எந்தப் பரிசு பெற்றார் என்று அவருக்கு மனப்பாடம். பக்கத்துக் கல்லறைக்காரர் பெயர் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை குறைவுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கும் தெரியாது. பி.எஸ்ஸி. முடித்தபின் வீட்டு நிலைமை காரணமாக நான் இரண்டு ஆண்டுகள் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதினேன். அங்கே மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர், எழுபதை நெருங்கியவர், ஓய்வு நேரத்தில் என் மேசையருகே வந்து அமர்வார். ஒரு நாள், நான் எதற்கோ சலித்துக்கொண்டபோது, “நீ ‘ஓடையில் நின்னு’ கண்டிட்டுண்டோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “எந்நால் நீ சத்தியனைக் கண்டிட்டில்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று இரவு அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் அவருடைய முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அவர் வரலாறு. திருவனந்தபுரத்தில், திருமலையை அடுத்த ஆறாமடையில், 1912 நவம்பர் 9ஆம் நாள் பிறந்தவர் சத்தியநேசன் நாடார். வலியசாலையிலிருந்து அந்த ஊருக்குப் பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. மலையாளத்தில் வித்துவான் தேர்வில் தேறியவர். பள்ளியாசிரியராக இருந்தார். பின்பு அரசுச் செயலகத்தில் குமாஸ்தா. 1941இல் இராணுவத்தில் சேர்ந்தார். போர்க்காலத்தில் மணிப்பூர், பர்மா, மலேயா என்று பல முனைகளைக் கண்டார். திரும்பி வந்து திருவிதாங்கூர் போலீஸில் சப் இன்ஸ்பெக்டர் ஆனார். நடிப்பில் ஆசை இருந்தது. 1951இல் ‘தியாகசீமா’ என்ற படத்தில் நடித்தார். அது வெளிவரவே இல்லை. உத்தியோகத்தை விட்டுவிட்டார். 1952இல் ‘ஆத்மசகி’ வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது.

ஆத்மசகியை எடுத்தவர் நேமத்தில் மெரிலாண்டு ஸ்டூடியோவை நிறுவிய பி. சுப்பிரமணியம். கிள்ளிப்பாலம் கடந்து, கரமனை ஆற்றுப் பாலம் கடந்து, நாகர்கோவில் சாலையில் நேரே போனால் நேமம். நம்மில் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடக்கும் வழிதான். பிறந்த ஊர், நடித்த முதற்படத்தின் ஸ்டூடியோ, அடக்கமான இடம் ஆகிய மூன்றும் நம் பேருந்துப் பயணச்சீட்டுக்குள் அடங்கிவிடுகின்றன!

நிற்க. என் நண்பர் அடுத்துக் கேட்டது இது: “சரி, அவர் என்னென்ன விருது வாங்கினார்?”

கேள்வி நியாயமாகத் தோன்றும். விடையைச் சொல்கிறேன். கேரள மாநிலத் திரைப்பட விருது 1969ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்படுகிறது. முதல் ஆண்டிலேயே சிறந்த நடிகர் விருது சத்தியனுக்குக் கிடைத்தது; படம் ‘கடல்பாலம்’, தந்தையும் மகனுமாக இரட்டை வேடம். 1971ஆம் ஆண்டு விருதும் ‘கரகாணாக்கடல்’ படத்திற்காக அவருக்கே. ஆனால் அதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் சென்னையில் இறந்துவிட்டார். ஆக, பட்டியலில் இரண்டு வரி. அவற்றில் ஒன்று, ஆள் போனபின் எழுதப்பட்ட வரி.

இந்த இடத்தில்தான் நான் வாதாட விரும்புகிறேன். ஆய்வுக்கூடத்தில் நுழைந்த முதல் வாரத்தில் நமக்குச் சொல்லித் தருவது என்ன? ஓர் அளவு இல்லை என்று எழுதுமுன், அளக்கும் கருவி அங்கே இருந்ததா என்று பார். சத்தியன் ‘நீலக்குயி’லில் நடித்தது 1954இல். ‘ஓடையில் நின்னு’, ‘செம்மீன்’ இரண்டும் 1965இல். ‘யக்ஷி’ 1968இல். கேரளத்தில் நடிகருக்கு அரசு விருது என்பதே அப்போது கிடையாது. இந்திய அளவில் தேசிய விருது 1954 முதல் உண்டு; ஆனால் அது படத்துக்கு. சிறந்த நடிகர் என்று ஒருவரைத் தேர்ந்து பரிசு தருவது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதலில் பெற்றவர் வங்காளத்து உத்தம்குமார். சத்தியனுடைய பெரும் வேடங்கள் முக்காற்பங்கும் அளவுகோல் பிறப்பதற்கு முன்னரே நடிக்கப்பட்டு முடிந்துவிட்டன. வெப்பமானி கண்டுபிடிப்பதற்கு முன் காய்ச்சலே இல்லை என்று சொல்வோமா? அமெரிக்காவில் 1929 முதல் ஆஸ்கர் உண்டு. ஆகவே அங்குள்ள நடிகரின் வாழ்க்கையை வரிசையாகப் படிக்க முடிகிறது. அது அந்த நாட்டின் ஏற்பாட்டுக்குப் பெருமை. அந்த ஏற்பாடு இல்லாத இடத்து நடிகருக்கு அது சிறுமை ஆகாது.

கருவி வந்த பின்னும் அது எப்போதும் சரியாக அளக்கிறதா என்பது வேறு கேள்வி. சிவாஜி கணேசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்காகச் சிறந்த நடிகர், பிரெஞ்சு அரசின் செவாலியே விருது 1995இல், தாதாசாகேப் பால்கே விருதும் உண்டு. ஆயினும் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. பட்டியலை மட்டும் நம்புகிறவன் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவான் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஆகையால் நடிகனின் மைல்கற்களை வேறு எங்கேனும்தான் தேட வேண்டும். எந்தெந்த மனிதனுக்கு அவன் முகம் கொடுத்தான் என்பதில் தேடலாம் என்பது என் கருத்து. சத்தியனிடத்தில் தேடினால் வியப்பான ஒன்று தென்படுகிறது.

நீலக்குயிலில் அவர் பள்ளியாசிரியர் ஸ்ரீதரன் நாயர். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் நீலியிடம் அன்பு கொள்கிறார். அவள் கருவுற்றபோது, ஊருக்கு அஞ்சி, கைவிடுகிறார். அவள் இறக்கிறாள். குழந்தையை அஞ்சற்காரர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். ஆசிரியர் அதைப் பார்த்துக்கொண்டே அதே ஊரில் வாழ்கிறார். ஆண்டுகள் பல கழிந்தபின்தான் தன் மகன் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வருகிறது. ராமு காரியாட்டும் பி. பாஸ்கரனும் இயக்கிய படம். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. கதாநாயகன் கோழையாக இருக்கிறான் என்பதைக் கவனியுங்கள். நம் படங்களில் அக்காலத்துக் கதாநாயகன் கோழையாவதை யார் பொறுத்திருப்பார்கள்? தாம் செய்துவந்த அதே ஆசிரியத் தொழிலின் போர்வைக்குள் ஒரு கோழையைக் காட்ட சத்தியன் கூசவில்லை.

‘யக்ஷி’யைப் பற்றி என் துறைக்காரர்களுக்குத் தனியே ஒரு சொல். அதில் அவர் இரசாயன விரிவுரையாளர். ஆய்வுக்கூட விபத்தில் அமிலம் பட்டு முகம் வெந்து போகிறது. அந்த முகத்தோடு ஒரு மனிதன் பெண்களின் பார்வையை எப்படி எதிர்கொள்கிறான், அவன் மனம் எப்படித் திரிகிறது என்பதுதான் படம். மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவல், கே. எஸ். சேதுமாதவன் இயக்கம். நடிகனுக்கு முகம் முதல் அல்லவா? சத்தியனுக்கு நெடிய உயரமோ வெளுத்த நிறமோ கிடையாது. உள்ள முகத்தையும் பாதி கெடுத்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதில், ஓர் இளைய விரிவுரையாளனாக வந்து நின்றார். பார்த்தபின் ஒரு வாரம் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி மூக்கை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி ‘ஓடையில் நின்னு’. தமிழில் ஓடை என்றால் நமக்குச் சலசலக்கும் நீர் நினைவுக்கு வரும். மலையாளத்தில் அது சாக்கடை. கேசவதேவ் 1942இல் எழுதிய நாவல். பப்பு என்ற ரிக்ஷாக்காரன், தன் வண்டி இடித்துச் சாக்கடையில் விழுந்த சிறுமியைத் தூக்கி எடுக்கிறான். அவளையும் அவள் தாயையும் தன் உழைப்பால் காக்கிறான். அவளைப் படிக்க வைக்கிறான். படித்து வளர்ந்தவளுக்கு அவனைத் தன்னுடையவன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதையைப் படித்தால் கண்ணீர்க் கதை என்று தோன்றும். சத்தியனைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அவருடைய பப்பு யாரிடமும் இரக்கம் கேட்பதில்லை. கூலியைக் குறைத்துத் தருபவனைப் பார்க்கும் பார்வையிலே ஒரு நிமிர்வு இருக்கிறது. அந்த நிமிர்வை நான் முன்பே எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று படம் முழுவதும் நினைவு குடைந்தது. கடைசியில் விளங்கிற்று: எங்கள் மண்டியில் மூட்டை இறக்குகிறவரிடம். இரண்டு ஆண்டுகள் அவர் பக்கத்திலிருந்தும், கணக்குப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே கூலியை எழுதியும், நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த நாள் எனக்கு வந்த கூச்சம் இதுதான்.

இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரிந்தே இருக்கும். ஏ. சி. திருலோகசந்தர் இயக்கத்தில் சிவாஜி நடித்து 1971இல் வந்த ‘பாபு’ இதன் தமிழ் வடிவம். இருவரும் 1952ஆம் ஆண்டிலே திரைக்கு வந்தவர்கள். ஒருவர் இருபத்து நான்கில், மற்றவர் நாற்பதை நெருங்கி. ஒரே ரிக்ஷாவை இருவரும் இழுத்தார்கள். யார் சிறப்பு என்று பட்டிமன்றம் வைக்க நம் செயலாளர் துடிப்பார். நான் அதற்கு வரமாட்டேன். சிவாஜியின் ரிக்ஷாக்காரர் அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அழுகிறார். சத்தியனுடைய பப்பு முதல் வரிசைக்கும் தெரியாதபடி அழுகிறான். இரண்டும் கலைதான்.

ஆனால் நான் மிகுதியாக எண்ணிப் பார்ப்பது வேறொரு வேடத்தை. சத்தியநேசன் நாடார் போலீஸ் உத்தியோகத்தில் இருந்தது 1947, 1948ஐ ஒட்டி, ஆலப்புழையில். 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் திரண்டெழுந்து சுடப்பட்டார்கள். அந்த மண்ணின் சூடு ஆறாத காலம் அது. கம்யூனிஸ்டு இயக்கத்தார் வேட்டையாடப்பட்ட காலம். கடுமையான அதிகாரி என்ற பெயர் அவருக்கு அப்போது இருந்தது. அதை மறக்காதவர்களும் இருந்தார்கள். அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளை, “சில காலம் போலீஸில் பணியாற்றினார்” என்று ஒரே வரியில் தாண்டிவிடுவதைக் காண்கிறேன். எனக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை.

ஏனெனில், இருபதாண்டுகளுக்குப் பின் அவர் ஏற்ற கடைசி வேடங்களில் ஒன்று ‘அனுபவங்கள் பாளிச்சகள்’ படத்துச் செல்லப்பன். தகழியின் நாவல், மீண்டும் சேதுமாதவன் இயக்கம். செல்லப்பன் ஆலப்புழைத் தொழிலாளி, கட்சிக்காரன். முதலாளியைக் கொன்றுவிட்டுத் தலைமறைவாகிறான். கடைசியில் தூக்குமேடை ஏறுகிறான். அதாவது, ஆலப்புழையில் காக்கி உடையில் எந்த மனிதனைத் துரத்தினாரோ, அந்த மனிதனாகவே அவர் கடைசியில் ஆனார். அப்போது அவருக்கு இரத்தப் புற்றுநோய். அது தெரிந்தும் நடிப்பை நிறுத்தவில்லை. படம் வெளிவருமுன் இறந்துவிட்டார். (அந்தப் படத்தில் கூட்டத்தோடு கூட்டமாய் ஒரு மெலிந்த இளைஞன் சில நொடிகள் தோன்றுகிறான். அவன்தான் மம்முட்டி. ஒருவர் வெளியேறும் வாசலில் மற்றொருவர் நுழைகிறார்.)

இதைப் பிராயச்சித்தம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை. நடிகர் சம்பளம் வாங்கிக்கொண்டு நடித்தார். இயக்குநர் அழைத்தார், அவர் போனார். அவர் மனம் மாறியதா என்பதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. அறை வாங்கியவனுடைய வலி ஒரு படத்தால் ஆறிவிடவும் செய்யாது. ஆயினும் திரையில் நிற்கும் செல்லப்பன் பொய்யன் அல்லன். துரத்துகிறவன் வரும்போது துரத்தப்படுகிறவன் எப்படி மூச்சை அடக்குவான் என்று அந்த நடிகருக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து கண்டறிந்த அறிவு அது. ஒருவன் தனக்கு எதிரே நின்றவனை இவ்வளவு கூர்ந்து பார்த்து வைத்திருந்தான் என்பதே எனக்கு ஒரு மைல்கல்லாகத் தெரிகிறது. எந்த விருதுப் பட்டியலும் இதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

இங்கே நம் நண்பர் சிலர் துள்ளி எழுவதை எதிர்பார்க்கிறேன். “நாடார்தானே? தென் திருவிதாங்கூர்தானே? அப்படியானால் நம்மவர்!” என்பார்கள். நம் மன்றத்தின் பழைய வியாதி இது. வலியசாலை என்றால் இராசராசன் கல்வெட்டில் வரும் காந்தளூர்ச் சாலை என்போம். திருவனந்தபுரம் என்றால் இங்கே மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்து 1891இல் மனோன்மணீயம் வெளியிட்ட சுந்தரம் பிள்ளை என்போம். இரண்டும் பெருமைதான்; நானும் ஒலிபெருக்கி முன் நின்று பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதரை நாம் மதிக்க வேண்டுமானால் முதலில் அவரைத் தமிழராக்கிவிட வேண்டுமா? சத்தியன் மலையாள வித்துவான். மலையாளத்தில் வாழ்ந்து, ஏறத்தாழ 150 படங்களில் அம்மொழியில் நடித்து, அம்மக்களால் போற்றப்பட்டவர். அவரை இழுத்து நம் பக்கம் போட்டுக்கொள்வது அண்டை வீட்டுப் பாத்திரத்தில் நம் பெயரைப் பொறிப்பது போன்றது. அவர் நம்மவராக இல்லாதபோதே அவரை அறிந்துகொள்ள வேண்டும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து என் தந்தையார் இங்கே வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறோம். இந்த ஊர் அரசு உதவித்தொகையில் படிக்கிறோம். மாலையானால் கதவைச் சாத்திக்கொண்டு சென்னையிலிருந்து வரும் படத்தைப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டார் யாருக்காக அழுதார்கள் என்று தெரியாமலே அவர்களோடு எத்தனை காலம் வாழ்வது? மலையாள நண்பர்கள் நம் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் ரஜினிகாந்தையும் நன்கு அறிவார்கள். கொடுக்கல் வாங்கல் கணக்கில் நம் பக்கம் பற்று நிற்கிறது. மண்டியில் கணக்கெழுதியவன் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழு நேர்மை உடையதாகாது. இருபத்து மூன்று வயதில் எம்.எஸ்ஸி. முதலாண்டில் இருக்கிறேன். என் வகுப்பினர் என்னைவிட இரண்டு வயது இளையவர்கள்; என்னைச் ‘சேட்டா’ என்று அழைக்கிறார்கள். உறவினர் வீட்டுத் திருமணங்களில், “இன்னுமா படிக்கே?” என்ற கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஆகவே நாற்பது வயதில் புதிதாய்த் தொடங்கிய ஒருவரை நான் தேடிப் பிடித்துக்கொண்டதில் என் சொந்த ஆறுதலும் கலந்திருக்கிறது என்று நீங்கள் ஐயுற்றால், அது சரியான ஐயம்தான்.

அதனால்தான் என்னை நானே ஒருமுறை சோதித்துக்கொண்டேன். தாமதமாக வந்தும் வென்றார் என்று சத்தியனைக் காட்டுவது எளிது. ஆனால் நாற்பது வயதுச் சப் இன்ஸ்பெக்டர்கள் திருவிதாங்கூரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எத்தனை பேர் உத்தியோகத்தை விட்டுவிட்டு எதற்கோ ஆசைப்பட்டுத் தெருவில் நின்றிருப்பார்கள்? அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரே ஒரு பரிசோதனையை வைத்து விதி எழுதுகிற மாணவனுக்கு நம் பேராசிரியர்கள் என்ன மதிப்பெண் தருவார்கள் என்று தெரியும். ஆகவே சத்தியனைக் காட்டி, காலம் தாழ்ந்தாலும் கவலையில்லை என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மண்டியில் கழிந்த இரண்டு ஆண்டுகள் எனக்கு எதற்காவது பயன்படுமா என்பதும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்று. அவர் ஆசிரியராகவும், குமாஸ்தாவாகவும், சிப்பாயாகவும், போலீஸாகவும் இருந்த ஆண்டுகளை ‘நடிப்புக்கு முன்’ என்று ஒதுக்கிவிட்டு, 1952இலிருந்து கல் நட்டு எண்ணுகிறவர்கள், அவர் நடந்த வழியில் பாதியைக் காணவில்லை. ஸ்ரீதரன் நாயரும் செல்லப்பனும் அந்தப் பாதியிலிருந்து வந்தவர்கள்.

மன்றத்திற்கு ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நவம்பர் 9ஆம் நாளை ஒட்டி ஒரு மாலையில் ‘ஓடையில் நின்னு’ படத்தைத் திரையிட வேண்டும். மலையாளத் துறை நண்பர்களையும் அழைக்க வேண்டும். தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை மூன்றும் சேர்த்துப் பத்து நிமிடத்திற்கு மேல் போகக் கூடாது. “தமிழ் மன்றத்தில் மலையாளப் படமா?” என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டாராம். ‘பாபு’வை மட்டும் போடலாமே என்று மற்றொருவர் சமாதானம் சொன்னாராம். முடிவு இன்னும் ஆகவில்லை. இந்த இதழைப் படிக்கும் உறுப்பினர்கள் தங்கள் கருத்தைச் செயலாளரிடம் தெரிவிக்கலாம்.

வீட்டில் என் தந்தையாரிடம் சொன்னேன். “ரிக்ஷாக்காரன் கதைதானல? பாபுவுல பாத்திருக்கேன்” என்றார். இது அதற்கு ஆறு ஆண்டு முந்தியது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சாயங்காலம் ஏழரைக்கு மேல வையுங்க. கடை அடைச்சாத்தான் வர முடியும். அந்த மூட்டைக்காரரையும் கூட்டிட்டு வாரேன்” என்றார்.

ஆகவே என் வேண்டுகோளில் ஒரு சிறு திருத்தம்: திரையிடும் நேரம் ஐந்து மணி என்று எழுதியிருந்தேன். அதை ஏழே முக்கால் என்று மாற்றிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.